மார்க் த்ரீ ஸ்டார்

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்குப் பதிப்பு எண்களைப் படிப்பது ஒரு வியாதி. 2.0 என்றால் யாரோ பெரிதாக எதையோ உடைத்திருக்கிறார்கள், 2.0.1 என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி யாரோ தூங்கவில்லை. அதனால் ஒரு துப்பாக்கியின் இரும்பு வளையத்தில் பொறித்திருந்த ‘மார்க் 3*’ என்ற எழுத்தைப் படித்ததும் எனக்கு அந்த நட்சத்திரம்தான் கண்ணில் பட்டது. மார்க் 3 என்றால் மூன்றாம் பதிப்பு, புரிகிறது. அந்த நட்சத்திரம் எதற்கு?

பிரிட்டிஷ் ராணுவத்தின் வழக்கம் அது. பெரிய மாற்றம் வந்தால் புது மார்க். சின்ன மாற்றம் என்றால் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். மார்க் த்ரீ ஸ்டார் என்று படிக்க வேண்டும். நம்முடைய ‘பேட்ச்’தான். என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று தோண்டப் போனால் அது வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. இந்தக் கட்டுரை அந்தத் தோண்டல்.

துப்பாக்கியின் முழுப்பெயர் ஷார்ட் மேகஸின் லீ-என்ஃபீல்டு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சிப்பாய்கள் ‘ஸ்மெல்லி’ என்றார்கள். நமக்கு அது த்ரீ நாட் த்ரீ. வங்கி வாசலில், கருவூலத்தில், கோர்ட்டில், பழைய தமிழ்ப்படங்களின் க்ளைமாக்ஸில் கடைசியாக வந்து சேரும் ஜீப்பில் என்று நாம் பார்த்து வளர்ந்த மரக்கட்டைத் துப்பாக்கி. .303 என்பது குழலின் விட்டம், அங்குலத்தில். ‘ஷார்ட்’ என்பது துப்பாக்கியின் நீளத்தைக் குறிக்கிறது, மேகஸினை அல்ல. அதற்கு முன்பு காலாட்படைக்கு நீளமான ரைபிள், குதிரைப்படைக்குக் குட்டையான கார்பைன் என்று இரண்டு வைத்திருந்தார்கள். போயர் போருக்குப் பிறகு, எல்லாருக்கும் ஒன்றே போதும் என்று நடுவாந்திரமான நீளத்தில் ஒன்றைச் செய்தார்கள். 44.5 அங்குலம், ஏறக்குறைய 4 கிலோ.

இன்ஜினியரிங் முதல் வருஷம் என்.சி.சி.யில் சேர்ந்தேன். காரணம் ஒன்றும் தேசபக்தி இல்லை, கேம்ப் போனால் அட்டெண்டன்ஸ் கிடைக்கும் என்றார்கள். அங்கேதான் முதன்முதலாக அதைத் தொட்டது. டிரில்லுக்கென்று ஒதுக்கிய செத்த துப்பாக்கி. குழலில் ஓட்டை போட்டு, சுடவே முடியாதபடி செய்திருப்பார்கள். ‘பாஜு சஸ்த்ர’, ‘சலாமி சஸ்த்ர’ என்று ஹிந்திக் கட்டளைக்குத் தூக்கி இறக்கவேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு வந்த ஹவில்தார் வேலூர்க்காரர். உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் ஒரு பையன் தண்ணி குடிக்கிற அவசரத்தில் ரைபிளை மண்ணில் சாய்த்துவிட்டுப் போனான்.

“தம்பி, அது செத்ததுன்னு உனக்கு யார் சொன்னா?”

“நீங்கதான் உஸ்தாத் சொன்னீங்க.”

“நான் சொல்லுவேன். நீ நம்பக்கூடாது.”

அன்று மதியம் அவர் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். கழற்றுவது என்றால், பின்னால் இழுத்து, போல்ட்டின் தலையை மேலே திருப்பி உருவிவிடுவது. திருகாணி கிடையாது, கருவி கிடையாது. மெக்கானிக்கல் படிக்கிற பையன்கள் எல்லாரும் கிட்டே வந்துவிட்டோம். போல்ட்டின் தலை தனித்துண்டு, மரையில் திருகியிருக்கிறது. தோட்டாவின் அடிப்பாகத்தைத் தாங்குவது அந்தத் தலைதான். தேய்மானத்தால் இடைவெளி கூடிப்போனால் துப்பாக்கியைத் தூக்கிப்போட வேண்டாம், கொஞ்சம் நீளமான தலையை மாட்டினால் போதும். பின்னால் வந்த நம்பர் 4 ரைபிளில் இந்தத் தலைகளுக்கு 0, 1, 2, 3 என்று அளவு எண்ணே கொடுத்துவிட்டார்கள்.

இதை யோசித்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, 1831-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து சிறுவயதிலேயே கனடாவுக்குப் போனவர். கடிகாரத் தொழில் பயின்றவர் என்று பிறகு படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 1879-இல் அவர் காப்புரிமை வாங்கிய விஷயம் கழற்றி மாட்டக்கூடிய தகரப்பெட்டி மேகஸின். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் ஒரு வில்சுருளை வைத்து மேலே தள்ளுவது. இன்றைக்கு எந்தத் துப்பாக்கியைப் படத்தில் பார்த்தாலும் அடியில் தொங்குகிற பெட்டிக்கு அதுதான் மூதாதை.

பெயரின் இன்னொரு பாதிக்கு வேறு கதை. 1888-இல் வந்த முதல் வடிவம் லீ-மெட்ஃபோர்டு. வில்லியம் மெட்ஃபோர்டு வடிவமைத்த குழலின் உட்புறக் காடிகள் ஆழமில்லாமல், வளைவாக இருக்கும். கரிமருந்தின் புகைக்கரி படிந்தால் சுத்தம் செய்ய எளிது. மூன்று நான்கு வருஷத்தில் கரிமருந்தை விட்டுவிட்டு கார்டைட் என்ற புகையில்லா மருந்துக்கு மாறினார்கள். அதன் வெப்பம் மெட்ஃபோர்டின் மென்மையான காடிகளை அரித்துத் தின்றுவிட்டது. 1895-இல் என்ஃபீல்டு ஆலை ஆழமான, சதுர விளிம்புள்ள ஐந்து காடிகளைப் போட்டது. மெட்ஃபோர்டின் பெயர் போய் ஊரின் பெயர் வந்தது. கீழே இருக்கிற லைப்ரரி மாறினால் மேலே எழுதிய அழகான கோட் எல்லாம் குப்பைக்குப் போகும் என்பது தெரிந்த கதைதானே.

(லண்டன் பக்கத்து என்ஃபீல்டும் நம்ம புல்லட்டும் சொந்தக்காரர்கள்தான். ரெட்டிச் ஊரின் சைக்கிள் கம்பெனி ஒன்று அந்த ஆயுத ஆலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்ததால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. ‘துப்பாக்கிபோலச் செய்யப்பட்டது’ என்பது அவர்களுடைய பழைய விளம்பர வாசகம். 1955 முதல் அந்த வண்டி சென்னையில் தயாராகிறது. ஓ.எம்.ஆரில் ஞாயிற்றுக்கிழமை காலை காது கிழியப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.)

லீ-என்ஃபீல்டைப் பற்றி யார் பேசினாலும் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். அதே காலத்து ஜெர்மன் மௌஸரோடு ஒப்பிட்டால் விஷயம் புரியும். மௌஸரின் போல்ட்டைப் பூட்டும் காதுகள் முன்பக்கம், தோட்டாவுக்கு ஒட்டியே இருக்கின்றன. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க அதுதான் உறுதியான இடம். லீ தன் காதுகளைப் பின்பக்கம் வைத்தார். அதனால் போல்ட் பின்னால் போகவேண்டிய தூரம் குறைவு. மௌஸரின் கைப்பிடியை 90 பாகை தூக்கவேண்டும், இதை 60 தூக்கினால் போதும். கைப்பிடியின் குமிழ் விசைக்கு நேர் மேலே, கைக்கு எட்டுகிற இடத்தில். மௌஸரில் போல்ட்டைத் தூக்கும்போதே ஊசியின் வில்சுருளும் இறுகும், வெடித்து ஒட்டிக்கொண்ட காலித் தோட்டாவை உருவுகிற அதே அசைவில் அந்தப் பாரமும் சேரும். லீயில் முன்னால் தள்ளி மூடும்போதுதான் வில்சுருள் இறுகுகிறது. தள்ளுகிற கைக்கு எடை இருக்கிறது, தூக்குகிற மணிக்கட்டுக்கு இல்லை. மௌஸரில் ஐந்து தோட்டா, இதில் பத்து. ஐந்தைந்தாகக் கிளிப்பில் கோத்து மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் இறங்கிவிடும். பிரிட்டிஷ் சிப்பாய் 300 கெஜத் தூரத்துக் குறியில் ஒரு நிமிஷத்துக்குப் பதினைந்து முறை சுடவேண்டும் என்பது பயிற்சிக் கணக்கு.

பின்பக்கம் பூட்டுவதற்கு விலை இல்லாமல் இல்லை. வெடிக்கும்போது போல்ட் மொத்தமும் ஒரு மயிரிழை அமுங்குகிறது, பித்தளைக் கூடு நீள்கிறது. மௌஸர் பக்தர்கள் இதை வைத்தே இன்றைக்கும் சண்டை போடுவார்கள். எனக்கு இது நல்ல பேரம் என்று படுகிறது. ஒரு குண்டைத் துல்லியமாகச் சுட மௌஸர், சேற்றில் படுத்துக்கொண்டு அடுத்த குண்டைச் சுட லீ.

இப்போது நட்சத்திரத்துக்கு வருகிறேன். 1907-இல் மார்க் 3. 1916-இல் மார்க் 3*. நடுவில் முதல் உலகப்போர், தயாரிப்பு போதவில்லை, எதையெல்லாம் வெட்டலாம் என்று பார்த்தார்கள். வெட்டியவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று, ‘வாலி சைட்’. ரைபிளின் இடப்பக்கம் இருந்த வட்டத் தகடு. 2,800 கெஜம் வரைக்கும் குறிவைக்க. இரண்டரை கிலோமீட்டர்! தாம்பரத்தில் நின்றுகொண்டு குரோம்பேட்டைப் பக்கம் சுடுகிற மாதிரி. தனி மனிதனைச் சுட அது இல்லை. ஐம்பது பேர் சேர்ந்து ஒரு குதிரைப்படைக் கூட்டத்தை நோக்கி மழைபோலப் பொழிவதற்கு. இயந்திரத் துப்பாக்கி வந்தபிறகு அந்த வேலை போய்விட்டது.

இரண்டாவது, ‘கட்-ஆஃப்’. மேகஸினுக்கு மேலே குறுக்காகத் தள்ளி மூடுகிற ஒரு தகடு. மூடிவிட்டால் பத்துத் தோட்டாவும் உள்ளே அடைபட்டுக் கிடக்கும், சிப்பாய் ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்துப் போட்டுச் சுடவேண்டும். அதிகாரி உத்தரவு கொடுத்தால்தான் தகட்டைத் திறக்கலாம். வேகமாகச் சுடுவதற்கென்றே ஒரு துப்பாக்கியைச் செய்துவிட்டு, அதன்மேல் வேகத்தைத் தடுக்க ஒரு மூடியையும் போட்டிருக்கிறார்கள். கையில் பத்துத் தோட்டா இருந்தால் சிப்பாய் வீணாக்கிவிடுவான் என்ற பயம். இது இயந்திரவியல் இல்லை, மேலிடத்துக் கொள்கை. அதை உலோகத்தில் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். போர் வந்து நெருக்கியதும் அந்தக் கொள்கையைக் கழற்றி எறிந்தார்கள். நட்சத்திரத்தின் பொருள் அதுதான்.

அதற்குப் பிறகான வடிவங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நம்பர் 4 இரண்டாம் உலகப்போருக்கானது. வேகமாகத் தயாரிப்பதற்காகத் திருத்திய அதே லீ. குறிபார்க்கும் துளையைக் குழலிலிருந்து பின்னால், கண்ணுக்கு அருகே கொண்டுவந்தார்கள், பெரிய முன்னேற்றம். கனடாவின் லாங் பிராஞ்சிலும் அமெரிக்காவின் சாவேஜிலும் செய்ததற்கு மறுபடியும் ஒரு நட்சத்திரம். போல்ட்டைக் கழற்றும் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, பாதையில் ஒரு வெட்டு மட்டும் போட்டதற்காக. பயிற்சிக்கான .22 வடிவம் நம்பர் 2. நம்பர் 5, காட்டுச் சண்டைக்கென்று குட்டையாக்கி, முனையில் புனல்போல ஒன்றை மாட்டிய ‘ஜங்கிள் கார்பைன்’. பார்க்க அழகு, தோளில் உதை அதிகம், ஒருநாள் சரிசெய்த குறி மறுநாள் விலகியிருக்கும் என்ற புகார் கடைசிவரை தீரவில்லை. கனடாவின் வடகோடியில் ரேஞ்சர்கள் நம்பர் 4-ஐ இந்த நூற்றாண்டு வரை வைத்திருந்தார்கள். பனியில் உறையாத எளிமை.

இந்தியாவுக்கு நம்பர் 4 தயாரிப்பு வரவே இல்லை. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி கரையில் இருக்கும் இஷாப்பூர் ஆலை பழைய மார்க் 3-ஐயே அடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் மரக்கட்டை பிளந்துவிடுகிறது என்று குறுக்கே ஒரு திருகு போட்டார்கள். உலகம் முழுக்கத் துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதை ‘இஷாப்பூர் திருகு’ என்றே சொல்கிறார்கள்.

ஆனால் இஷாப்பூரின் வேறொரு வடிவம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. .410 மஸ்கட். வெளியிலிருந்து பார்த்தால் சாட்சாத் மார்க் 3. உள்ளே குழலின் காடிகளைச் சுரண்டி வழவழப்பாக்கி, விட்டத்தைப் பெரிதாக்கியிருப்பார்கள். மேகஸின் இருக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டையை அடைத்திருப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். தோட்டாவின் கூடு .303-இன் கூடுதான், கழுத்து மட்டும் குறுக்கப்படவில்லை. அதனால் அது எந்த ராணுவ ரைபிளிலும் நுழையாது. இந்தியக் காவலர்களுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுப்பதற்காகச் செய்தது. 1857-க்குப் பிறகு பிரிட்டிஷார் கற்றுக்கொண்ட பாடம், இந்தியன் கையில் எப்போதும் ஒரு படி பழைய ஆயுதத்தைக் கொடு என்பது. 1914-இல் பிரான்ஸில் போய் இறங்கிய இந்தியப் படைகளுக்கு மார்செய் துறைமுகத்தில் வைத்துத்தான் புது மார்க் 3-ஐக் கையில் கொடுத்தார்கள். போலீஸ்காரனுக்கு அதுவும் கிடையாது. நல்ல துப்பாக்கியை எடுத்து, செலவு செய்து, கெடுத்துக் கொடுத்தார்கள்.

இந்த வேலையைச் செய்தவர் ஒரு இன்ஜினியராகத்தான் இருந்திருக்க வேண்டும். வரைபடம் போட்டிருப்பார், கட்டையின் அளவை எழுதியிருப்பார், மேலதிகாரி கையெழுத்து போட்டிருப்பார். இந்தப் பயனாளிக்கு இந்த வசதி வேண்டாம் என்று ஒரு வரியில் அணைத்துவிடுகிற வேலையை நானும் தினமும் செய்கிறேன். எனக்கு வருகிற டிக்கெட்டிலும் காரணம் எழுதியிருக்காது.

சரி, மரக்கட்டை இல்லாத துப்பாக்கி இந்தியாவில் என்ன செய்தது? 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ். டயர் ஜாலியன்வாலா பாக்குக்குள் கொண்டுபோன சிப்பாய்களில் 50 பேரிடம் லீ-என்ஃபீல்டு இருந்தது. பத்து நிமிஷம் சுட்டார்கள். 1,650 தோட்டாக்கள். பள்ளிப் புத்தகத்தில் படித்த எண்தான். காலிக்கூடுகளை வைத்துச் சொன்ன கணக்கு அது.

ஒருநாள் ராத்திரி இதை வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு 33. பத்து நிமிஷத்தில் 33 என்றால் நிமிஷத்துக்கு மூன்று சொச்சம். அந்தத் துப்பாக்கியின் வேகம் பதினைந்து. அதாவது அவர்கள் வெறிபிடித்துச் சுடவில்லை. இருபது நொடிக்கு ஒரு தடவை. போல்ட்டை இழுத்து, மூடி, குறிபார்த்து, உத்தரவு கேட்டு, கூட்டம் அடர்த்தியாக இருக்கும் பக்கம் திரும்பி, சுட்டிருக்கிறார்கள். பத்துத் தோட்டா தீர்ந்தபின் சராசரியாக ஒவ்வொருவரும் இன்னும் ஐந்து கிளிப்புகளைத் திறந்து நிரப்பியிருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும்போது ஒவ்வொரு தடவையும் கண் கீழே போய் மேலே வரும். மேலே வந்த கண் எதைப் பார்த்தது? கவச வண்டிகள் சந்துக்குள் நுழைய முடிந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருப்பேன் என்று டயர் ஹண்டர் கமிட்டியிடம் சொன்னார். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 379. காங்கிரஸ் விசாரணை சொன்னது ஆயிரத்தை ஒட்டி. 60 பாகை, பின்பக்கக் காதுகள், தள்ளும்போது இறுகும் வில்சுருள் என்று நான் மேலே வரிசையாக ரசித்து எழுதியது எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் எந்தக் கோளாறும் இல்லாமல் வேலை செய்தது.

அம்மாவின் அப்பா ஆயுதப்படையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏட்டாக ஓய்வுபெற்றவர். ஐம்பதுகளில் சேர்ந்தபோது கையில் கொடுத்தது மஸ்கட்டு, அப்புறம் த்ரீ நாட் த்ரீ. நான் என்.சி.சி. கேம்ப் முடிந்து வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்.

“புல்-த்ரூ போடச் சொல்லிக் குடுத்தானா?”

சொன்னேன். கட்டையின் பித்தளை மூடிக்குள் எண்ணெய்க் குப்பியும் கயிறும் இருக்கும், துணியைக் கோத்துக் குழலுக்குள் இழுப்பது. தாத்தாவுக்கு வலதுகை சும்மா இருக்கவில்லை. பேசப்பேச அது தானாக மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கியது. வெற்றிலை மடிக்கிற மாதிரி அனிச்சையாக. இருபது வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை.

“தாத்தா, எப்பவாச்சும் ஆள் மேல சுட்டிருக்கீங்களா?”

கேட்டிருக்கக் கூடாது என்று அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்ததில் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார், அதை இங்கே எழுதவில்லை. ஊர்வலம், கல்வீச்சு, தாசில்தார் கையெழுத்து என்று சுருக்கமாகச் சொன்னார்.

“மஸ்கட்டுதான். ஒரு தடவைக்கு ஒண்ணு. போடணும், மூடணும், அடிக்கணும், தெறக்கணும். எல்லாரும் ஓடுன பொறவு இன்ஸ்பெக்டர் ஐயா வரிசையா நிக்க வெச்சாரு. காலிக் கூட்ட எண்ணி ஒப்படைக்கணும். ஒரு கூடு கொறைஞ்சாலும் அன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது. ரோடு பூராம் குனிஞ்சு தேடுனோம்.”

“கெடைச்சிச்சா?”

“கெடைச்சிச்சு. கணக்கு சரியா இருந்துச்சு.”

அவருடையது எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கை மட்டும் அப்போது அசையாமல் மடியில் இருந்தது. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த மரக்கட்டையைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் வந்த எண்ணம் வெட்கமில்லாத எண்ணம்தான்: நல்லவேளை, தாத்தா கையில் ஒன்றுதான் இருந்தது. காவலர்களை அவமானப்படுத்தச் செய்த கட்டை, அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த யாருக்கோ நாலு நொடி கொடுத்திருக்கலாம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் பிடிபடவில்லை.

கடைசி வடிவம் சுதந்திர இந்தியாவினுடையது. 1962 சீனப் போருக்குப் பிறகு அவசரத்துக்கு இஷாப்பூர் செய்தது, பெயர் 2ஏ. மார்க் 3*-இன் உடம்பு, இன்னும் உறுதியான எஃகு, 7.62 நேட்டோ தோட்டா, அதற்கேற்றாற்போல் கொஞ்சம் சதுரமான மேகஸின். அறுபது வருஷப் பழைய வடிவத்தைப் புதுத் தோட்டாவுக்கு மாற்றிப் போரிடத் தயாரானது ஒரு தேசம். காவல்துறையில் .303-உம் தொடர்ந்தது. 2008 நவம்பர் 26 இரவு, மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளோடு வந்தவர்களுக்கு எதிரே ரயில்வே போலீஸாரிடம் இருந்தவற்றில் அதுவும் ஒன்று. 2020 குடியரசு தின அணிவகுப்பில் உத்தரப் பிரதேச காவல்துறை அதற்கு விடைகொடுத்து அனுப்பியது.

2ஏ-வுக்கும் அடுத்து வந்த 2ஏ1-க்கும் என்ன வித்தியாசம் என்று தேடினேன். குறிபார்க்கும் தகட்டில் கடைசி எண் 2,000 என்றிருந்ததை 800 என்று மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் யாரும் யாரையும் சுடுவதில்லை என்று ஒருவழியாக யாரோ ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு நட்சத்திரம் போடவில்லை, நம் ஆட்கள் பக்கத்தில் ஒரு 1 போட்டார்கள்.